எரிமலை விளக்குக்குப் புது நிறம்

எரிமலைக் குழம்பைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, வரவேற்பறை மேசைமேல் வைத்து வேடிக்கை பார்க்க முடியுமா? முடியும் என்றால் நம்புவீர்களா, தோழியரே? நான் இப்போது வசிக்கும் தென் இங்கிலாந்தில் பல வீடுகளில் அப்படியொரு விளக்கு உண்டு. அதன் பெயரே லாவா விளக்கு. உள்ளே இருப்பது எரிமலைக் குழம்பு அன்று. சாயம் ஏற்றிய மெழுகுதான். அடியில் ஒரு மின்குமிழ் எரியும். அந்தச் சூட்டில் மெழுகு உருகி, உருண்டை உருண்டையாகத் திரண்டு, நிறநீரின் ஊடே மெல்ல மேலே போகும். மேலே சற்றுக் குளிர்ந்ததும் திரும்பக் கீழே இறங்கும். இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது!

இதை உருவாக்கியவர் எட்வர்ட் கிரேவன் வாக்கர் என்ற ஆங்கிலேயர். ஒரு விடுதியில், முட்டை வேகும் நேரத்தைக் காட்ட யாரோ செய்து வைத்திருந்த விநோதக் கருவியை அவர் பார்த்தார். கொதிக்கும் நீரில் அதையும் போட்டுவிடுவார்களாம். உள்ளிருக்கும் மெழுகு உருகி எழும்பினால் முட்டை வெந்துவிட்டது என்று பொருள். அதையே ஓர் அழகுப் பொருளாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பல காலம் முயன்று, 1963-ஆம் ஆண்டில் 'ஆஸ்ட்ரோ' என்ற விளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தொழிற்சாலை இருந்தது பூல் என்னும் துறைமுக நகரில். எங்கள் போர்ன்மவுத் நகருக்கு அது அடுத்த ஊர்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தனியாக வாழும் ஒரு மூதாட்டியிடம் இத்தகைய விளக்கு ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் அண்டை வீட்டுப் பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது நாவில் வரவில்லை. எனவே 'பாட்டி' என்ற சொல்லை அவருக்குக் கற்றுக் கொடுத்துவிட்டு அப்படியே அழைக்கிறேன். பணி ஓய்வு பெற்ற நாளில், 1998-இல், அவருடைய கணவர் வாங்கி வந்த விளக்கு அது. ஊதா நிற நீர், சிவப்பு மெழுகு. கணவர் காலமான பிறகும் மாலைதோறும் அதை ஏற்றிவைத்து எதிரே அமர்வது அவருக்கு வழக்கம்.

2021-இல் பாட்டி இந்த வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, சாமான் ஏற்ற வந்தவர்கள் சூடு ஆறுமுன்னரே விளக்கைத் தலைகீழாகப் பெட்டியில் அடைத்துவிட்டார்கள். மெழுகு உருகிய நிலையில் இந்த விளக்கைக் குலுக்கவே கூடாது. குலுக்கினால் மெழுகு பொடிப்பொடியாகச் சிதறி நீரில் கலந்துவிடும். பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது ஊதா நிற மோர்! நாள்கணக்கில் வைத்துப் பார்த்தும் அது தெளியவில்லை. இரண்டு ஆண்டுகள் அலமாரிக்குள் கிடந்தது.

வேறொரு விளக்கு வாங்கினால் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பாட்டி தலையசைத்து மறுத்துவிட்டார். அவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி நலிந்துபோகும் நோய் உண்டு. நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரு சாம்பல் திட்டு மறைக்கும். ஓரப் பார்வை மட்டும் மிஞ்சியிருக்கும். படிப்பு போயிற்று, தையல் போயிற்று, தொலைக்காட்சியில் முகங்கள் போயின. ஆனால் விழித்திரையின் ஓரப்பகுதி அசைவை நன்றாக உணரும். பெரிய உருவம் ஒன்று மெதுவாக அசைந்தால், தலையைச் சற்றுத் திருப்பிக்கொண்டு அவரால் பார்க்க முடிகிறது. "நான் பார்ப்பதற்கென்று மிச்சம் இருப்பது கடலும் அந்த விளக்கும்தான். கடலுக்குப் போக முழங்கால் விடவில்லை" என்றார். அதற்குமேல் நான் என்ன பேச?

2023 அக்டோபரில் வேலையைத் தொடங்கினேன். முதலில் விளக்கின் வயதைச் சரிபார்த்தேன். மெழுகு இயல்பாக நீரில் மிதக்கும். அது அடியில் தங்க வேண்டுமானால் கனமான ஒரு பொருளைச் சேர்த்தாக வேண்டும். தொடக்க கால விளக்குகளில் இதற்காகக் கார்பன் டெட்ராகுளோரைடு சேர்த்தார்கள். அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. அத்தகைய பழைய விளக்கை வீட்டில் திறக்கவே கூடாது. நல்லவேளை, 1998-ஆம் ஆண்டு ரசீதைப் பாட்டி பத்திரமாக வைத்திருந்தார்.

இனி நிறம். அங்கேதான் வழக்கு எழுந்தது! "அப்பா வாங்கியது ஊதா. ஊதாவாகவே இருக்கட்டும்" என்று பாட்டியின் மகள் தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஊதாவைப் பாட்டியின் கண் காணுமா என்பது எனக்கு ஐயமாக இருந்தது. இழையுள்ள மின்குமிழின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி. நீலம் மிகக் குறைவு. ஊதா நீரோ நடுவிலுள்ள பச்சையையும் மஞ்சளையும் விழுங்கிவிடும். நம் கண் மிகக் கூர்மையாக உணர்வதோ அந்தப் பச்சை மஞ்சளைத்தான். ஆக, ஊதா நீர் என்பது விளக்கின் பெரும்பகுதி வெளிச்சத்தைத் தடுக்கும் திரை. அந்த அரையிருட்டில் சிவப்பு மெழுகு தெளிவாகத் துலங்காது. நல்ல கண்ணுக்கு அது மோகனமாய் இருக்கும். பாட்டிக்கு இருட்டாகவே இருக்கும்.

வாதம் செய்வதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல் அல்லவா? ஜாம் புட்டிகள் ஆறு எடுத்து, சமையல் சாயங்களைக் கரைத்து ஆறு நிறநீர் செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு மெழுகுத் துண்டைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு, பின்னால் விளக்கு வைத்து, பாட்டியை நாற்காலியில் அமர்த்தினேன். எந்தப் புட்டி எந்த நிறம் என்று சொல்லவில்லை. கம்பியை ஆட்டி, "ஏதாவது அசைகிறதா?" என்று மட்டும் கேட்டேன். ஊதாவில் இல்லை என்றார். நீலத்திலும் இல்லை. பச்சையில் "ஏதோ கறுப்பாக" என்றார். நிறமில்லா நீரில் தெரிந்தது. ஆனால் வெளிச்சம் கண்ணைக் கூசியது. வெளிர்மஞ்சள் புட்டிக்கு வந்ததும் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கையை நீட்டி, மெழுகு ஆடிய பக்கமெல்லாம் விரலையும் ஆட்டிக் காட்டினார். நான் நிறுத்தினால் விரலும் நின்றது. நான்கு முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். நான்கு முறையும் மஞ்சளே.

நம் சமையலறை மஞ்சள்தூளையே போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். அதன் சாயம் நீரில் கரையாது. அடியில் வண்டலாகப் படிந்துவிடும்.

மகளிடம் பாட்டியே பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்து, "மஞ்சளே போடு" என்றார்.

விளக்கை ஒரு முழு நாள் அசைக்காமல் வைத்து, மெழுகு அடியில் கல்லாக இறுகிய பிறகே திறந்தேன். சோடா பாட்டிலுக்கு இருப்பது போன்ற தகர மூடிதான் அதற்கும். கையுறை அணிந்து, கலங்கிய நீரை ஒரு வாளியில் வடித்து நகராட்சியின் கழிவு நிலையத்தில் ஒப்படைத்தேன். குளிர்ந்த நீரில் நான்கு முறை அலசினேன். பிறகு வாலை வடிநீர் ஊற்றினேன். இப்பகுதியில் குழாய் நீர் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். அதை ஊற்றினால் மீண்டும் கலங்கும். சூட்டில் நீர் விரிவதற்காக மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டேன்.

மூடாமலே விளக்கைப் போட்டேன். இரண்டரை மணி நேரத்தில் மெழுகு உருகியது, ஆனால் எழும்பவில்லை. அடியில் அப்பம்போல் படுத்திருந்தது. நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை செய்து காட்டிய சோதனை நினைவிருக்கிறதா? வெறும் நீரில் மூழ்கிய முட்டை, உப்புக் கரைக்கக் கரைக்க எழுந்து மிதந்ததே! இங்கும் அதே தத்துவம்தான். சூடான மெழுகு விரிந்து நீரைவிடச் சற்று இலேசாக வேண்டும். ஆறிய மெழுகு சற்றுக் கனமாக வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ளது மயிரிழை. அந்த மயிரிழையில் நீரின் கனத்தைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

நம் ஊரில் பேதியுப்பு என்று சொல்லும் எப்சம் உப்பை வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, சிரிஞ்சினால் முதலில் ஐந்து மில்லி விட்டேன். கால் மணி நேரம் காத்திருந்தேன். பிறகு இன்னும் ஐந்து. பிறகு ஒவ்வொரு மில்லியாக. அவசரப்பட்டு மிகையாக ஊற்றினால் மெழுகு மேலே போய் மூடிக்கடியில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இறங்காது. இதில் மூன்று மாலைகள் கழிந்தன. பாட்டி பக்கத்தில் அமர்ந்து கம்பளி நூல் உருட்டிக்கொண்டு, "எழுந்ததா?" என்று கேட்டபடி இருந்தார். நான்காம் மாலை, மெழுகின் நடுவில் ஒரு குமிழ் புடைத்தது, கழுத்து நீண்டது, ஆனால் அறுபடாமல் தூணாகவே நின்றது. பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தை நீரில் கரைத்து இரண்டே சொட்டு விட்டேன். சோப்பு, மெழுகுக்கும் நீருக்கும் இடையேயுள்ள இழுப்பைத் தளர்த்தும். அதிகமானால் மெழுகு கடுகுகடுகாகச் சிதறும். இரண்டு சொட்டில் தூண் அறுந்து, எலுமிச்சை அளவு உருண்டை ஒன்று தனியே கிளம்பியது.

கடைசியாக மஞ்சள் சாயம் ஏழு சொட்டு. சிவப்பு மெழுகு அந்த மஞ்சளின் நடுவே கனலும் கரிபோல் எழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. பாட்டியின் கை நூலுருண்டையை விட்டுவிட்டு மேலே எழும்பியது. உருண்டை ஏற ஏறக் கை ஏறியது. இறங்க இறங்க இறங்கியது.

நன்றாக ஆறிய பிறகு புது மூடி போட்டு அழுத்தினேன். இதைப் படித்துவிட்டு, மெழுகை விரைவாக உருக்க அடுப்பைத் தேடாதீர்கள். 2004-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் இளைஞர் லாவா விளக்கை அடுப்பில் வைத்துச் சூடாக்கியபோது குடுவை வெடித்து உயிரிழந்தார். விளக்கின் சொந்த மின்குமிழே போதும். அதுவும் இழையுள்ள 40 வாட் குமிழாக இருக்க வேண்டும், எல்.இ.டி. குமிழின் சூடு மெழுகை எழுப்பப் போதாது. பழைய குமிழ்கள் கடைகளில் அருகி வருகின்றன. ஆகவே நான்கு வாங்கிப் பாட்டியின் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகள் வந்தார். விளக்கைப் பார்த்துவிட்டு, "அப்பாவின் விளக்கு போலவே இல்லையே" என்றார். பாட்டி மறுக்கவில்லை. ஊதாச் சாயம் எங்கே கிடைக்கும் என்று மகள் என்னிடம் தனியே விசாரித்தார், கடையைச் சொன்னேன். தம் வீட்டுக்கு ஒரு விளக்கு வாங்கி அதை ஊதாவாக்கப் போகிறாராம். குளிர்காலத்தில் இங்கே நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மெழுகு எழும்ப இரண்டரை மணி நேரம் பிடிப்பதால், பாட்டி ஒன்றரை மணிக்கே சுவரைத் தடவிப் பொத்தானை அழுத்திவிடுகிறார். ஒளியிலும் சூட்டிலும் சமையல் சாயம் வெளுத்துக்கொண்டே போகும். மிச்சச் சாயப் புட்டியில் திறந்த தேதியை எழுதி, குமிழ்களோடு அதே இழுப்பறையில் வைத்துவிட்டேன்.