மே மாதத்து வேதாளம்

கோடை விடுமுறைக்குச் சில பள்ளிகள் கொடுத்தனுப்பும் வாசிப்பு அட்டவணையில் ஆர்வமூட்டுவது கடைசிக் கட்டம்தான். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், எத்தனை பக்கம் என்று ஒழுங்காக நகர்ந்து வரும் அட்டவணை, ஓரத்துக்கு வந்ததும் ‘கற்ற நீதி’ என்று குரலை மாற்றிக்கொள்கிறது. அதன் கீழே பெற்றோர் கையொப்பம். முயல் ஆமைக் கதைக்கு அந்தக் கட்டம் எளிது. தெனாலிராமன் கதைக்கு என்ன எழுதுவது? அரசரையே ஏமாற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே தப்பிப்பவனிடமிருந்து எந்த நீதியைக் கறப்பது? பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்து, ‘பொய் சொல்லக் கூடாது’ என்று எழுதிவைக்கும். அந்த விடுமுறையில் அது சொல்லும் முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

கதை முடிந்ததும் கேள்வி போடும் வழக்கத்துக்கு நம்மிடம் ஒரு மூதாதை உண்டு. முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்குவது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தம் கதாசரித்சாகரத்தில் சேர்த்த வேதாளக் கதைகள், அம்புலிமாமா இதழின் பக்கங்களில் தமிழ்ப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தன. கையில் வாளும் தோளில் வேதாளம் புகுந்த பிணமுமாக அரசன் விக்கிரமன் நடக்கும் சங்கரின் ஓவியம்தான் பலருக்கும் அந்தக் கதைகளின் முகம். அதில் உள்ள ஏற்பாடு விசித்திரமானது. வேதாளம் கதை சொல்லி முடித்து ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும். திறந்தாலோ மௌனம் கலைந்தது என்று வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். சரியான விடை சொன்ன ஒவ்வொரு முறையும் அரசன் தோளில் இருந்ததைப் பறிகொடுக்கிறான். அட்டவணைப் பிள்ளையின் நிலைமையும் இதுதான். நீதியை எழுதிக் கட்டத்தை நிரப்பிவிட்டால் கையொப்பம் கிடைத்துவிடும். கதை மரம் ஏறிவிடும்.

வெறும் உவமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், அமெரிக்க மழலையர் பள்ளி ஒன்றில் தாங்கள் செய்த சோதனையை 1973இல் வெளியிட்டார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று ஒரு குழுவிடம் முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா பரப்பிவைத்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே கெடுப்பது பரிசு அல்ல, பேரம். செய்தால் கிடைக்கும் என்றவுடன் விளையாட்டு கூலி வேலையாகிவிடுகிறது. புத்தகத்துக்கு மட்டும் இது பொருந்தாது என்று நினைக்கக் காரணம் ஏதும் தெரியவில்லை.

கணக்கும் கேள்வியும் இல்லாவிட்டால் பிள்ளைகள் குப்பையைத்தானே படிக்கும் என்பது அடுத்துவரும் ஆட்சேபம். இதற்கும் பதில் இருக்கிறது. ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் குழுவினர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து 3 கோடை விடுமுறைகளில் ஆண்டுக்கு 12 புத்தகங்கள் கொடுத்தார்கள். எதை எடுப்பது என்று பிள்ளைகளே தீர்மானித்தார்கள். பெரியவர்கள் மெச்சும் செவ்வியல் நூல்களை விட்டுவிட்டு, பாட்டு, திரை நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகங்களைப் பலர் அள்ளிக்கொண்டார்கள். அப்படியும், புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்களின் வாசிப்புத் திறன் மேலே இருந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த தலைமுறைக்கு இதில் வியப்பு இருக்காது. ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’ என்பது சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது. அவருக்கான நூல் என்றால் அவருடைய அப்பாவுக்குப் பிடித்த நூல் என்று பொருள் இல்லை. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் நூல்கள் மாட்டுவண்டி ஏறிக் கிராமங்களுக்குப் போயின. அப்படிப் புத்தகமே வாசகனைத் தேடிப் போன ஊரில், வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டு, பிள்ளையை நூலக வாசல்வரை கூட்டிப்போக நமக்கு வெயில் அதிகமாக இருக்கிறது.

கைபேசி இருக்கும்போது எந்தப் பிள்ளை புத்தகத்தைத் தொடும் என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால் வீடுகளில் அதற்குச் செய்யும் வைத்தியம்தான் கோளாறு. பத்துப் பக்கம் படித்தால் அரை மணி நேரம் போன் என்கிறார்கள். கஷாயத்துக்குப் பின்னால் சர்க்கரை. எது கசப்பு, எது இனிப்பு என்று பிள்ளைக்கு நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, அது சர்க்கரையைக் கேட்கிறதே என்று பிறகு அங்கலாய்க்கிறோம். படித்தது புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று ஆசிரியர்கள் கேட்கலாம். அதற்கு ஜூனில் தொடங்கிப் பத்து மாதம் இருக்கிறது. நல்ல கேள்வி வாசிப்பை ஆழப்படுத்தும் என்பதையும் மறுப்பதற்கில்லை. பிள்ளை தானாக வந்து கதையைப் பற்றிப் பேசினால் விடிய விடியப் பேசலாம். நாமாகக் கேட்டு எழுதி வாங்குவதுதான் வேதாளத்தின் வேலை.

விக்கிரமன் கடைசியில் எப்படி ஜெயித்தான் என்பது பலருக்கு மறந்துவிட்டது. இரண்டு பெண்களின் காலடித் தடங்களை மட்டும் பார்த்து, பெரிய காலுக்கு உரியவள் அப்பாவுக்கு, சிறிய காலுக்கு உரியவள் மகனுக்கு என்று ஒரு தந்தையும் மகனும் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். பார்த்தால் அவர்கள் தாயும் மகளும்; மகளுக்குத்தான் பெரிய கால். அப்பா அந்த மகளையும் மகன் அவளுடைய அம்மாவையும் மணந்துகொள்ள, பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று வேதாளம் கேட்கிறது. அரசனுக்கு விளங்கவில்லை. பேசாமல் நடக்கிறான். தலை வெடிக்கவில்லை, வேதாளமும் பறக்கவில்லை. மகிழ்ந்துபோய், பிணத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவனுக்காகக் காத்திருக்கும் துறவியின் சூழ்ச்சியைச் சொல்லி எச்சரிக்கிறது. அத்தனை கதைகளில் அவன் தோளிலேயே தங்கியது அந்த ஒன்றுதான். அந்தக் கதைக்கு அட்டவணையில் நீதி எழுதச் சொன்னால், எந்தப் பிள்ளையும் கட்டத்தைக் காலியாகத்தான் விட வேண்டியிருக்கும்.