யாரிடம் போகிறாய், மகன்?

“நீங்க ஏன் சேர் அனுப்பின?” குவைத்தில் வீட்டுவேலை செய்யும் ஒரு தாய் தொலைபேசியில் கேட்ட இந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை.

நாலாம் தரத்தில் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு வாசலில் ஒருவர் வந்து நின்றார். சட்டையெல்லாம் தூசு. “சேர், நான் இவன்ட வாப்பா. மகனக் கூட்டிட்டுப் போகணும்” என்றார். இடாப்பைப் பார்த்தேன். தந்தை பெயர் சரி. முகமும் மகனின் முகந்தான். பெற்ற வாப்பாவுக்கு இல்லாத உரிமையா என்று அனுப்பிவிட்டேன். பையன் புத்தகப் பையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

மஃரிபுக்குப் பிறகு அவனுடைய உம்மம்மா என் முற்றத்தில் வந்து நின்றார். அப்போதுதான் விபரம் தெரிந்தது. தலாக் நடந்து இரண்டு வருடம். எங்கள் கிழக்குப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. உறவு முறிந்தால் மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வெளியேறுவார், பிள்ளை வீட்டோடு நின்றுவிடும். இங்கும் அப்படித்தான். தாய் குவைத்துக்குப் போக, பிள்ளை உம்மம்மாவின் கையில் வளர்ந்தான்.

“காதிக் கோட்டுல புள்ளய எங்களுக்குத்தான் தந்த. கடுதாசி இருக்கு சேர்” என்று பொலித்தீன் பையைப் பிரித்தார். வாசித்தேன். விவாகரத்துப் பதிவு இருந்தது. மாதாந்தத் தாபரிப்புத் தொகை இருந்தது. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று ஒரு சொல்லும் இருக்கவில்லை. “காதியார் வாயால சொன்னாரே!” என்றார் அந்தத் தாய். அதற்குமேல் என்ன சொல்ல?

அன்றிரவே எங்களூர்ச் சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். குடும்ப வழக்குகளிலேயே தலைநரைத்தவர். “மாஸ்டர், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியாருக்குத் தலாக், பஸஹ், தாபரிப்பு, மஹர், கைக்கூலி எல்லாத்தையும் பார்க்க அதிகாரம் குடுத்திருக்கு. புள்ளட கட்டுக்காவல் அதுல இல்ல. அதுக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகணும். காதிக் கோட்டுல எங்களுக்குத் தோன்ற ஏலா. அப்ப இத அந்தப் பொம்புளைக்கு ஆரு சொல்ற?” என்று கேட்டார்.

பிறகு சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “புள்ளைக்காகச் சண்டை பிடிக்கிறவங்க குறைவு மாஸ்டர். தாபரிப்புக் கட்ட ஏலாதவர் ‘புள்ளயத் தா, நான் வளர்க்கிறன்’ எண்டுவார். காசு வராத பக்கம் ‘புள்ளயக் காட்ட மாட்டம்’ எண்டும். தாபரிப்பும் புள்ளட உரிமை, வாப்பாவப் பார்க்கிறதும் புள்ளட உரிமை. ஒண்டைக் குடுத்து மத்தத வாங்கிற சந்தச் சாமானா அது?”

வீடு திரும்பியும் நித்திரை வரவில்லை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் சிறுபிராயத்துப் பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கு முதலாவது. அவளுக்குப் பின் தாயின் தாய்க்கு. நல்லது கெட்டது பிரித்தறியும் வயது, ஏறத்தாழ ஏழு, வந்துவிட்டால் பிள்ளையிடமே கேட்க வேண்டும். பெற்றோர் பிணங்கி நின்றபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு சிறுவனைத் தெரிவுசெய்யச் சொன்னதும், அவன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கணவன் மனைவி கடமைகள் பற்றி எத்தனையோ குத்பாக்கள் கேட்டிருக்கிறேன். இந்தச் சிறுவனைப் பற்றி ஒன்றேனும் கேட்ட ஞாபகம் இல்லை.

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. ஆசிரியர் கலாசாலையில் இதைப் பற்றி எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவன் நான். என் மாணவனுக்கு ஒன்பது வயது. வாப்பா கேட்கவில்லை, உம்மம்மா கேட்கவில்லை. தினமும் அவன் முகத்தைப் பார்க்கும் நானும் கேட்கவில்லை.

“வழக்கு முடியிறதுக்குள்ள பையன் ஓ.எல். எழுதிடுவான். முதல்ல பேசிப் பாருங்க” என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். எட்டாம் நாள் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, புத்தகப் பையையும் எடுத்துக்கொண்டு தந்தையின் ஊருக்குப் போனேன். கெட்ட மனிதரைச் சந்திக்கப் போவதாக எண்ணியிருந்தேன். பெருநாள் உடுப்போடு வந்து படலையிலேயே திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரைத்தான் கண்டேன். இரண்டு வருடமாக மகனைப் பார்க்க விடவில்லை என்றார்.

பையனைத் தனியே அழைத்து, “யாரிடம் போகிறாய், மகன்?” என்று கேட்டேன். கனநேரம் கால்விரலால் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தான். பிறகு, “உம்மம்மாட்ட. ஆனா வாப்பாவும் வரணும்” என்றான். வாப்பாவே அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து விட்டார்.

உம்மம்மாவும் இறங்கிவந்தார். குவைத்திலிருந்த தாயும் சம்மதித்தார். இப்போது சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் வாப்பா என் வீட்டுக்கு வருகிறார். பையனும் வருவான். இருவரும் கடற்கரைக்குப் போய்வருவார்கள். போகுமுன் ஒவ்வொரு முறையும் அவனிடம் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, “இண்டைக்குப் போகல்ல சேர்” என்றான். காரணம் சொல்லவில்லை. வெளியே மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. கேட்பது எளிது. அவன் சொன்ன பதிலைத் தூக்கிக்கொண்டு படலைவரை நடந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு எட்டுத்தான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.