ஒரு சொல், இரண்டு கணக்கு



இங்கிலீஷ் தெரிந்தால் எதையும் மொழிபெயர்த்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். பாங்கிலிருந்து கடுதாசி வந்தால் அப்பா என்னிடம்தான் நீட்டுவார். அர்த்தம் மாறினால் பணம் போகுமே என்ற பயத்தோடுதான் படித்துச் சொல்வேன். அதனால்தான் இந்த விஷயத்தை எழுதத் துணிந்தேன்.

என் தாய்மாமா அஜர்பைஜான் நாட்டில், காஸ்பியன் கடலோரத்து எண்ணெய் நகரமான பாக்குவில் வெல்டராக இருந்தவர். அங்கே 100 கபிக் சேர்ந்தது ஒரு மனாத். 2015 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 78 கபிக். பிப்ரவரியில் நாணய மதிப்பைக் குறைத்தார்கள்; ஒரு டாலர் 1 மனாத் 5 கபிக் ஆனது. டிசம்பரில் மறுபடி சரிந்து 1 மனாத் 55 கபிக். சம்பளம் மாறவில்லை, ஊருக்கு வந்த பணம் பாதியானது. சம்பளம் மனாத்தில்தான் என்று அக்ரிமென்டில் இருந்ததாம். "அதுக்கு என்ன அர்த்தம்னு எடுத்துச் சொல்ல ஆளில்லடா மாப்ளே" என்பார் மாமா.

ஆள் கிடைப்பது ஏன் கஷ்டம்? மாமா சொன்ன சொற்களை வைத்து அகராதிகளைப் புரட்டினேன். அஜர்பைஜானியில் 'ஃபாயிஸ்' என்றால் சதவீதம். வட்டிக்கும் அதே சொல்தான். 'தெக்லிஃப்' என்றால் சாதாரணப் பேச்சில் யோசனை. பொருளாதாரத்தில் அதுதான் சப்ளை. விஷயம் தெரியாதவர் கையில் சப்ளை குறைந்தது என்பது யோசனை குறைந்தது என்று ஆகிவிடும்!

துருக்கி மொழி தெரிந்தவர் போதுமே என்பார்கள். இரண்டும் அக்கா தங்கை மொழிகள்தான். ஆனால் துருக்கியில் 'ஃபாயிஸ்' வட்டி மட்டுமே, சப்ளைக்குச் சொல்லே வேறு. எண்களிலும் வம்பு உண்டு. நூறு கோடியை இங்கிலீஷ்காரர் பில்லியன் என்பார். பாக்குக்காரர் மில்யார்ட் என்பார். நாம் புள்ளி வைக்கும் தசம இடத்தில் அவர்கள் கமா போடுவார்கள். சோவியத் காலத்துப் புத்தகங்கள் ரஷ்ய எழுத்தில் இருக்கும். 1991-க்குப் பிறகு லத்தீன் எழுத்து வந்தது. இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

அப்படியானால் ஆளை எப்படித் தேடுவது? எனக்குத் தோன்றிய வழி இது. பாக்குவில் பொருளாதாரம் படித்து, இங்கிலீஷும் கற்றவரை முதலில் தேட வேண்டும். வட்டி, சதவீதம், சப்ளை, பில்லியன் எல்லாம் வரும் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர் எழுதியதை இன்னொருவர் திரும்ப இங்கிலீஷில் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்நாட்டு மத்திய வங்கி இரண்டு மொழியிலும் அறிக்கை வெளியிடுகிறது; சொற்களை அதோடு ஒத்துப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் கேள்வி கேட்பவரே நல்ல மொழிபெயர்ப்பாளர். கேள்வியே கேட்காமல் மளமளவென்று முடித்துக் கொடுப்பவரிடம் உஷாராக இருக்க வேண்டும்.

நண்பர்களே, நாளை நாமும் மிஷினோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தை ஒர்க்‌ஷாப் தொழிலாளிக்குத் தமிழில் சொல்லப் போகிறவர்கள். மொழியோடு விஷயத்தையும் படிப்போம். நம் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் நம்பி ஒரு குடும்பத்தின் கூலி இருக்கிறது.

— இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்