மண்ணுக்கடியில் எந்த உலோகம்?

பெங்களூர் அல்சூரில் ஒரு சந்தின் நடுவே இருந்த இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார் வால்வுமேன். உள்ளே சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றது. "மழைத்தண்ணி இல்ல சார், பக்கத்துச் சாக்கடை ஊறி வருது. வால்வு வருசம் முழுக்க இதுலதான் முங்கிக் கெடக்கும்" என்றார். தர்மபுரிக்காரர். டி வடிவச் சாவியை அந்தக் கலங்கலுக்குள் விட்டு, பார்க்காமலேயே வால்வின் திருகுதண்டான ஸ்பிண்டிலின் தலையைக் கவ்வித் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் எங்கோ ஒரு வீட்டுத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பெங்களூருக்குக் காவிரி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் மேடேறி வருகிறது. 2024 அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியபோது நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைத்தது. ஆனாலும் பல தெருக்களுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர். இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வரும் ஊர்களில் தெரு வால்வை எப்போதாவதுதான் தொடுவார்கள். இங்கே அதைத் திறந்து மூடுவதே ஒருவரின் அன்றாட வேலை. வெளிநாட்டு அட்டவணையை வைத்து உலோகம் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் எண்ணம். வெளியே துரு அரிக்கிறது, உள்ளே மரை தேய்கிறது. இரண்டையும் ஒரே வால்வுதான் தாங்க வேண்டும்.

கழற்றிய வால்வுகள் போய்ச்சேரும் இடங்களில் ஒன்று பீண்யா தொழிற்பேட்டை. அங்கே ஒரு பட்டறைக்காரர், கோவை ஃபவுண்டரியில் தொழில் பழகியவர், உடைந்த ஸ்பிண்டில் ஒன்றை என் கையில் கொடுத்தார். மேலே மஞ்சள், முறிந்த இடத்தில் செம்பு நிறம். "பித்தளைங்க. துத்தநாகம் பூராக் கரஞ்சு போச்சு. மிச்சமிருக்கறது வெறும் செம்புச் சல்லடை, முறுக்கினா பட்டுனு போயிரும்." ஸ்பிண்டிலுக்குப் போடும் பித்தளையில் துத்தநாகம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே இருக்கும். குளோரின் கலந்த நீரும் ஈரமண்ணும் முதலில் அதைத்தான் தின்னும். பித்தளைக்குப் பதிலாகப் போடும் கன்மெட்டலில் செம்பு 85 சதவீதம். வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் ஒவ்வொன்றும் 5. அதனால் இந்த நோய் வராது. காரீயம் இருப்பதால் குடிநீருக்கு அதுவும் வேண்டாம் என்ற பேச்சு இப்போது வலுத்திருக்கிறது.

அடுத்து ஒரு பழைய வார்ப்பிரும்பு வால்வு. வடிவம் அப்படியே இருந்தது, பெயிண்ட்கூட அங்கங்கே ஒட்டியிருந்தது. அவர் பேனாக்கத்தியால் கீறியதும் பென்சில் கரி போல உதிர்ந்தது. இரும்பு கரைந்து மண்ணோடு போய்விட, கிராஃபைட் மட்டும் அதே உருவத்தில் நின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிற எந்தப் பொறியாளருக்கும் அது நல்ல வால்வுதான். அழுத்தம் ஏறும் இரவில் பிளந்தபிறகுதான் தெரியும்.

"அப்போ முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல, எஸ்.எஸ்.ல போட்டா என்ன?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து, எஸ்.எஸ். என்று பில் போட்டு வந்த ஒரு ஸ்பிண்டிலில் வைத்தார். நச்சென்று ஒட்டிக்கொண்டது. அது 410 ரகம்; குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டித்தான். சாக்கடை ஊறும் குழியில் அது துருப்பிடிக்கத்தான் செய்யும். 304-லும் 316-லும் காந்தம் அநேகமாக ஒட்டாது. அந்த இரண்டையும் பிரித்தறியக் காந்தம் உதவாது. 316-ல் இருக்கும் மாலிப்டினத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு சொட்டு மருந்தும் சின்ன பேட்டரியும் வைத்திருக்கிறார். டெண்டரில் வெறுமனே 'எஸ்.எஸ்.' என்று எழுதினால் எது மலிவோ அதுதான் வரும்.

முழு எஸ்.எஸ். வால்வுக்கு இன்னொரு வம்பும் உண்டு. அதை இறுக்க சாதா இரும்பு போல்ட்டு போட்டால், பெரிய எஸ்.எஸ். பரப்புக்கு எதிரே அந்தச் சின்ன போல்ட்டு மட்டும் வேகமாகக் கரையும். வால்வு பளபளவென்று இருக்க, ஃபிளேஞ்ச் வாய் பிளக்கும். போல்ட்டையும் எஸ்.எஸ்.ஸாகப் போட்டால் நட்டு கடித்துக்கொள்ளும்; கிரீஸ் தடவாமல் முடுக்கக்கூடாது. எரிவாயுக் குழாய் பதிப்பவர்கள் பாலிஎத்திலீன் குழாய்க்குப் பாலிஎத்திலீன் வால்வையே சேர்த்து இந்தத் தலைவலியிலிருந்து தப்பிக்கிறார்கள்.

மெட்ரோவைப் பற்றியும் கேட்டேன். நம்ம மெட்ரோ 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. இத்தகைய ரயில்களில் தண்டவாளம் வழியே திரும்பும் மின்சாரத்தில் கொஞ்சம் மண்ணில் கசிந்து, அருகில் உள்ள இரும்புக் குழாயில் ஏறி, வேறோரிடத்தில் இறங்கக்கூடும். இறங்கும் இடத்தில்தான் அரிப்பு: ஓர் ஆம்பியர் ஓராண்டு முழுக்க வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு கரையும். "அங்கல்லாம் மேல்பூச்சு சுத்தமா இருக்கோணுங்க" என்றார்.

அவர் கைகாட்டுவது டக்டைல் இரும்பு உடல், உள்ளும் புறமும் குறைந்தது 250 மைக்ரான் எபாக்சி, ரப்பர் போர்த்திய கதவு, நல்ல ரக எஸ்.எஸ். ஸ்பிண்டில், கன்மெட்டல் நட்டு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. விலையும் நகரம் தாங்கும். ஆனால் எபாக்சியில் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு முழுக்க அந்த இடத்திலேயே குவியும். அதற்காக மின்பொறிக் கருவியை உடல் முழுக்க ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் பொறி பறக்கும்.

நான் கிளம்பும்போது புது வால்வு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பையன் ஒருவன் அதன் கழுத்தில் இரும்புச் சங்கிலியைச் சுற்றினான். பட்டறைக்காரர் போன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். "டேய், சங்கிலிய எடு! பெல்ட்டப் போட்டுத் தூக்கு!"