வெப்பத்தையும் புகையையும் தாங்கியவரின் பங்கு



பணியாளர் ஒருவர் உணவு சமைத்துக் கொண்டுவந்தால், அவரையும் உடன் அமர்த்தி உண்ணச் செய்ய வேண்டும். உணவு குறைவாக இருந்தால் ஓரிரு கவளங்களையேனும் அவர் கையில் வைக்க வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இவ்வாறு பணித்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியை நம்மில் பலர் ஜும்ஆ உரைகளில் கேட்டிருப்போம். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள அறிவிப்பு அதற்குரிய காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. அந்த உணவின் வெப்பத்தையும் புகையையும் தாங்கியவர் அவர்தாம் என்பதே அக்காரணம். திருக்குர்ஆனின் 44-ஆம் அத்தியாயத்துக்குப் பெயராக அமைந்த 'துகான்' என்ற சொல்லே இங்கும் புகையைக் குறிக்க வந்துள்ளது.

இந்த நபிமொழியை விளக்குவோர் பெரும்பாலும் உணவில் பங்கு கொடுப்பதைப் பற்றியே பேசுவர். அது சரியே. ஆயினும் தகடு வெட்டிப் புகைக்கூண்டு செய்யும் தொழிலில் இருக்கும் எங்கள் குடும்பத்தாருக்கு அதன் இரண்டாம் சொல்லும் எப்போதும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். ஒருவர் நமக்காகப் புகையைத் தாங்குகிறார் என்பதை நபியவர்கள் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்புகையைக் குறைக்கும் வழி நம் கையில் இருக்கும்போது, ஒரு கவளத்தோடு நம் கடமை தீர்ந்துவிடுமா?

இராஜபாளையம் ஆலைகளின் ஊர். 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸை அடுத்து இங்கே நூற்பாலைகள் பெருகின. நூற்பாலையில் காற்று உலர்ந்தால் நூல் அறும். பஞ்சுத் தூசியும் பறக்கும். ஆகவே ஈரப்பதம் சேர்த்த காற்றை உள்ளே செலுத்தவும், தூசிக் காற்றை வெளியே இழுக்கவும் ஆலைகளில் பெரிய டக்ட்டுகள் ஓடும். எங்கள் மூத்தவர்கள் இந்த டக்ட் வேலையில்தான் கை பழகினார்கள். இன்று நாங்கள் உணவகங்களுக்கும் மண்டபங்களுக்கும் ஹூட் செய்கிறோம். நூல் அறாமல் இருக்கக் காற்றைக் கணக்கிட்டு அனுப்பிய இதே ஊரில், பத்து மணி நேரம் அடுப்பின் முன் நிற்கும் மனிதருக்குக் காற்றுக் கணக்குப் பார்ப்போர் குறைவு என்பது எங்களுக்கு நீண்ட நாள் வருத்தம்.

இராஜபாளையத்திலிருந்து மதுரைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர். விறகடுப்பில் வற்றக் காய்ச்சுவதே அதன் பழைய முறை. பாலில் நூற்றுக்கு 87 பங்கு அளவில் நீர்தான். அந்நீரில் பெரும்பகுதி ஆவியாகி வெளியேறிய பிறகே பால் கோவாவாகும். அதுவரை கரண்டியை நிறுத்த முடியாது, நிறுத்தினால் அடிபிடித்துவிடும். புகை கண்ணைக் கரித்தாலும் கிண்டுபவர் அந்த இடத்தை விட்டு அகல வழியில்லை. பிள்ளைகளுக்கு நாம் வாங்கிச் செல்லும் கால் கிலோவுக்குப் பின்னால் இப்படி ஒருவர் நிற்கிறார்.

இவ்வகைக் கூடங்களில் புகையும் ஆவியும் இரு வேறு பொருள்கள் என்பதை முதலில் உணர வேண்டும். விறகின் புகை, அடுப்பிலிருந்தே தனிப் புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேலே செல்ல வேண்டும். வாய் அகன்ற சட்டியிலிருந்து எழும் ஆவிக்கு மேலே ஹூட்டோ, கூரை முகட்டில் திறப்போ வேண்டும். இரண்டையும் ஒரே சுவர் விசிறியிடம் ஒப்படைத்தால், புகை கிண்டுபவரின் முகத்தைக் கடந்துதான் விசிறியை அடையும். ஆவியோ கூரையில் குளிர்ந்து சொட்டும். அடுப்பின் வாய் தவிர மற்ற இடைவெளிகளை மண்ணாலோ செங்கல்லாலோ அடைத்து, புகைபோக்கியைக் கூரைக்கு மேல் போதிய உயரத்துக்குக் கொண்டுபோனாலே பெரும்பகுதிப் புகை தானாக மேலே இழுக்கப்படும். சூடான காற்று இலேசானது. மேலே எழும் இயல்புடையது. அல்லாஹ் அதற்கு வைத்த இயல்பை நாம் மறிக்காமல் இருந்தால் போதும்.

எரிவாயு அடுப்புள்ள உணவகங்களில் சிக்கல் வேறு. அங்கே புகையின் பெரும்பகுதி காய்ந்த எண்ணெயிலிருந்தும் மசாலாவிலிருந்தும் எழுவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-இல் வெளியிட்ட 95-ஆம் தொகுதியில், மிகுந்த வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையையும், வீட்டுக்குள் விறகு எரிக்கும்போது எழும் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை எனப் பெரிதும் கருதத்தக்க '2அ' பிரிவில் சேர்த்துள்ளது. எரிவாயுவோ விறகோ அரைகுறையாக எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று சமையற்காரர் சொல்வதை வெப்பத்தின் மேல் பழி போட்டு நாம் கடந்துவிடுகிறோம்.

எங்களை அழைக்கும் உரிமையாளர்களில் பலர் விசிறியைப் பெரிதாக்கச் சொல்வார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் பின்பற்றும் பன்னாட்டு இயந்திரவியல் விதித்தொகுப்பு, சுவரோரம் அமைந்த திறந்த எரிவாயு அடுப்புக்கு ஹூட்டின் நீளத்தில் ஓர் அடிக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்றை இழுக்க வேண்டும் என்கிறது. விறகு, கரி அடுப்புக்கு 550 கன அடி. ஆறடி ஹூட் என்றால் எரிவாயு அடுப்புக்கே 2400 கன அடி. பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம் கொண்ட சமையலறையில் இருப்பதோ 1200 கன அடி காற்றுதான். அதாவது அரை நிமிடத்தில் அறையின் காற்று முழுவதும் வெளியேற வேண்டும். அப்படியானால் அதே அளவு காற்று அரை நிமிடத்தில் உள்ளே வரவும் வேண்டும். வரும் வழியை அடைத்துவிட்டு விசிறியைப் பெரிதாக்கினால் அது வெறுமனே இரையும். புகை நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதைக் கண்டறியக் கருவி வேண்டியதில்லை. விசிறி ஓடும்போது சமையலறைக் கதவைத் திறக்கத் தனி வலு வேண்டியிருக்கிறதா? அடுப்புச் சுடர் ஒரு பக்கம் சாய்கிறதா? கதவின் இடுக்கில் சீழ்க்கை ஒலி கேட்கிறதா? இவற்றில் எது தென்பட்டாலும் உள்ளே வரும் காற்று போதவில்லை என்று பொருள். ஹூட்டின் விளிம்பருகே ஊதுவத்தி ஒன்றைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டால் நன்று. வெளியே வழிந்தால் ஹூட் தன் வேலையைச் செய்யவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்து பிரியாணிக் கடை ஒன்றில் ஹூட் அளவெடுக்கச் சென்றிருந்தோம். உரிமையாளர் நம் சகோதரர். தொழுகையில் பேணுதல் உள்ளவர். "அண்ணே, சாப்பிடுற இடத்துக்கு ஏ.சி. போட்டாச்சு. அடுப்படிக்கு இம்புட்டுச் செலவு எதுக்கு?" என்று கேட்டார். அக்கடையின் பண்டாரி அறுபதைத் தொட்டவர். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நான் ராத்திரி படுத்தாலும் நெஞ்சுக்குள்ள அடுப்பு எரியுது" என்றார். உரிமையாளர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "செய்ங்கண்ணே" என்றார்.

நாங்கள் அங்கே செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அடுப்பின் விளிம்பைவிட ஹூட்டை எல்லாத் திறந்த பக்கங்களிலும் அரையடி நீட்டினோம். எழும் புகை விரிந்துகொண்டே செல்வதால் அடுப்பின் அளவிலேயே ஹூட் இருந்தால் போதாது. பழைய கம்பி வலையை எடுத்துவிட்டு பேஃபிள் ஃபில்டர்களைப் பொருத்தினோம். காற்று மடிந்து மடிந்து செல்லும்போது எண்ணெய்த் துளிகள் தகட்டில் மோதி வழியும். வழியும் எண்ணெய் கீழே உள்ள கிண்ணத்துக்குச் செல்வதற்காக அவற்றை 45 பாகைக்குக் குறையாமல் சாய்த்து வைக்க வேண்டும். டக்ட்டில் இருந்த மூன்று திருப்பங்களை ஒன்றாகக் குறைத்தோம். புளோயரை மாடியில், டக்ட்டின் கடைசியில் வைத்தோம். அப்போதுதான் டக்ட்டில் கசிவு இருந்தாலும் புகை அறைக்குள் வராது. எதிர்ச்சுவரின் கீழ்ப்பகுதியில் வலையிட்ட திறப்பு ஒன்று அமைத்தோம். புதுக்காற்று பண்டாரியின் முதுகுப்புறமிருந்து வந்து, அவரைக் கடந்து, புகையை ஏந்திக்கொண்டு மேலே போகிறது. புகைக்கும் அவருக்கும் இடையில் இப்போது காற்று நிற்கிறது.

அடுத்தது அண்டை வீட்டாரின் உரிமை. நம் சமையலறையிலிருந்து வெளியேற்றிய புகை எங்கே போகிறது என்பதும் நம் பொறுப்பே. சந்தை நோக்கித் தலையுயரத்தில் ஊதும் விசிறிகளை இரு ஊர்களிலும் காணலாம். எதிர்வீட்டுச் சன்னல் நிரந்தரமாக மூடிக்கிடக்கும். கொடியில் காயும் துணியில் எண்ணெய் மணக்கும். தானும் தீங்குறலாகாது, பிறருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. புகையைக் கூரைக்கு மேலே செங்குத்தாக விட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இன்னொரு கவனமும் தேவை. ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து மேல்காற்று பலமாக வீசும். மேற்கு நோக்கி வாய் வைத்த டக்ட்டில் அக்காற்று புகுந்து, புகையை அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிடும்.

தீயைப் பற்றியும் ஒரு சொல். மதீனாவில் இரவில் ஒரு வீடு அதில் இருந்தோருடன் எரிந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை; உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்ததை அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உணவக டக்ட்டின் உட்புறத்தில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு, அணையாத விளக்கைப் போன்றதே. அடுப்பின் சுடர் ஒருமுறை ஃபில்டரைத் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குள் மாடிவரை தீ ஓடும். அமெரிக்கத் தீத்தடுப்புக் கழகத்தின் 96-ஆம் தரவிதி, விறகு, கரி அடுப்புகளின் புகைவழியை மாதம் ஒருமுறையும், இடையறாது சமைக்கும் கடைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் சோதித்துத் துப்புரவு செய்யச் சொல்கிறது. ஃபில்டர்களை வாரம் ஒருமுறையேனும் வெந்நீரில் கழுவுவது நலம். விறகடுப்பின் புகைவழியையும் பொரிக்கும் அடுப்பின் டக்ட்டையும் ஒருபோதும் இணைக்கக் கூடாது. ஒன்றின் தீப்பொறி மற்றதன் பிசுக்கில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவை யாவும் கடைக்காரர்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிட வேண்டாம். நம் பள்ளிவாசல்களில் ரமளான் மாதம் முழுவதும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். லுஹருக்குப் பிறகு அடுப்பு மூட்டினால் அஸர் வரை அண்டாவின் பக்கத்தில் நின்று துழாவ வேண்டும். துழாவுபவரும் நோன்பாளி, வாய் உலர்ந்தாலும் ஒரு மிடறு நீர் அருந்த இயலாதவர். சமைப்பவரின் தொண்டையில் அவர் நாடாமல் புகுந்துவிடும் புகையால் நோன்பு முறியாது என்று ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளின் அறிஞர்களும் சலுகை கூறியுள்ளனர். அது அவருக்கு அல்லாஹ் அளித்த சலுகை. புகை நிறைந்த தகரக் கொட்டகையில் அவரை நிறுத்துவதற்கு ஜமாஅத்தினராகிய நமக்கு அளித்த அனுமதி அன்று.

பள்ளிவாசலுக்கு மினாரா உயர்த்தவும், தரைக்குப் பளிங்கு பதிக்கவும், தொழுமிடத்துக்கு ஏ.சி. வைக்கவும் நம் மக்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். கஞ்சிக் கொட்டகைக்கு ஒரு புகைபோக்கி அமைக்க ஆகும் செலவு இவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஷஅபான் மாதத்திலேயே நிர்வாகிகளில் இருவர் கொட்டகைக்குள் கால் மணி நேரம், அடுப்பு எரியும்போது, நின்று பார்க்கட்டும். வேறு ஆய்வு எதுவும் தேவைப்படாது. கொட்டகையின் கூரையை ஒரு பக்கம் உயர்த்தித் திறப்பு விடுவதும், அடுப்புக்குப் புகைபோக்கி வைப்பதும், எதிர்ப்பக்கம் தரையோரம் காற்று வர வழி செய்வதும் இரண்டு மூன்று நாள் வேலை.

நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2011-இல் வந்தன. அவற்றின் நான்காம் அட்டவணை காற்றோட்டத்தைக் குறிப்பிட்டு, அசுத்தமான பகுதியிலிருந்து சுத்தமான பகுதிக்குக் காற்று செல்லாதபடி அமைக்கச் சொல்கிறது. உணவு கெடாமல் காப்பது அதன் நோக்கம். சமைப்பவரின் மார்பைப் பற்றிய அக்கறையை, அதற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு ஒருவர் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை வலீமா விருந்தில் சஹன் நம் முன் வைக்கப்படும்போது, மண்டபத்தின் பின்புறம் ஒருமுறை சென்று பண்டாரிக்கு ஸலாம் சொல்வோம். அவருக்கு உணவில் பங்கு கொடுப்போம். அங்கே புகை மண்டியிருந்தால் மண்டபத்தாரிடம் கனிவாக எடுத்துச் சொல்வோம். உணவகம் வைத்திருப்போர் தம் சமையலறையில் ஊதுவத்தியை இன்றே ஏற்றிப் பார்ப்போமாக.

நம் பசியாற்றும் கைகளுக்கு உரிய உரிமையை நிறைவேற்றும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.