ஒளித்திரையில் எழுத்து

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருதல் வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியராகிய யாம் பழைய இலக்கியம் பற்றியே எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும் கடந்த ஓராண்டுக் காலமாக எம் உள்ளத்தைப் பெரிதும் ஆட்கொண்டிருப்பது, எழுத்தும் ஓவியமும் ஒலியும் கணினித் திரையிலே ஒருங்கியைந்து இயங்கும் பல்லூடகக் கலையேயாம். அக்கலையில் யாம் வல்லுநர் அல்லோம். எம்மிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவரிடமே அதன் அரிச்சுவடியைக் கற்றோம். அவ்வாறு கற்க நேர்ந்த வரலாற்றையும், அதனால் எமக்கு உண்டாகிய நாணத்தையும் மகிழ்ச்சியையும் மறையாது எழுதுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. ஒன்பதாந் தரத்து மாணவருக்குப் புணர்ச்சி விதிகளை விளக்கிக் கொண்டிருந்தோம். கடைசி வாங்கில் இருந்த மாணவர் ஒருவர் தலை நிமிராது ஏதோ செய்து கொண்டிருந்தார். அருகிற் சென்று நோக்கினோம். கணித பாடத்துக்குரிய சதுரக்கோட்டுக் கொப்பியிலே, சிறு சிறு சதுரங்களைப் பென்சிலாற் கறுப்பாக்கி எழுத்தொன்றை உருவாக்கிக் கொண்டிருந்தார். எமக்குச் சினம் மூண்டது. எழுத்தைக் கீறிக் கொண்டிருப்பவன் எழுத்திலக்கணத்தை எப்பொழுது படிப்பான் எனக் கடிந்து, அத்தாளைக் கிழித்தெடுத்தோம். கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது என்னும் பழமொழியையும் சேர்த்துக் கூறினோம். வகுப்புச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அம்மாணவர் உயர்தரப் பரீட்சையிலே பல்கலைக்கழகத்துக்குரிய வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. கொழும்புக்குச் சென்று பல்லூடகக் கல்வி பயில்கின்றார் எனப் பின்னர்க் கேள்வியுற்றோம். விளையாட்டைப் படிப்பாக்கிக் கொண்டார் என எண்ணினோமேயன்றி, அப்படிப்பு யாது என ஒருவரிடமும் வினவினோமல்லோம்.

சென்ற ஆண்டிலே எமது நூலகத்திற் சிறு நிகழ்ச்சி ஒன்று ஒழுங்கு செய்யப்பட்டது. எம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவர் இளமையிலேயே காலமாகிவிட்டார். 1990 களின் முற்பகுதியிலே, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த நாள்களில், ஜாம் போத்தல் விளக்கு ஒன்றின் ஒளியை இருவரும் பங்கிட்டுக் கொண்டு படித்தோம். அவர்தம் அன்னையார், மகன் சேர்த்து வைத்த நூல்களையும் அவற்றை வைப்பதற்கு ஓர் அலுமாரியையும் கல்லூரிக்கு அன்பளிப்பாக வழங்க முன்வந்தார். அலுமாரியின் மேலே நண்பரின் பெயர் பொறித்த பலகையை அமைப்பிக்கும் பொறுப்பை யாமே விரும்பி ஏற்றுக்கொண்டோம்.

பெயரை எமது கைத்தொலைபேசியிலே தட்டெழுதிப் பலகை செய்பவருக்கு அனுப்பினோம். அவர் மாதிரியொன்றை ஆயத்தஞ் செய்து, பார்த்து ஒப்புதல் தருமாறு கேட்டார். யாம் அனுப்பிய எழுத்துக்களை மீண்டும் ஒருமுறை வாசித்தோம், பிழை காணப்படவில்லை. அவ்வாறே செய்யுமாறு விடையனுப்பினோம். அவர் ஆயத்தஞ் செய்த மாதிரியை யாம் திறந்து பார்க்கவில்லை. தமிழாசிரியர் எழுதிய பெயரிற் பிழை எங்ஙனம் வரும் என்னும் இறுமாப்பே அதற்குக் காரணம் எனலாம்.

நண்பரின் பெயர் ‘கோ’ என்னும் எழுத்தில் தொடங்குவது. பலகையின் திரைச்சீலை நீக்கப்பட்டபொழுது, ககரம் தனித்து நின்றது. அதன் வலப்புறத்தே கொம்பும் காலும் தமக்குரிய எழுத்தைத் தழுவாது, புள்ளிகளால் ஆகிய வெறும் வட்டம் ஒன்றை அணைத்துக்கொண்டு நின்றன. கூடியிருந்தோர் பலரும் பெயரை ஊகித்து வாசித்துக் கைதட்டினர். அன்னையார் ஊகிக்கவில்லை. அருகே சென்று ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டு வாசித்தார். பின்பு எம்மை நோக்கி, “தம்பி, இது என்ரை பிள்ளையின்ரை பேர் இல்லையே” என்றார். அன்று அலுமாரி பெயரின்றியே திறந்து வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் எழுத்திற் பிழை திருத்தி வந்த எமக்கு, அவ்வொரு வாக்கியம் போதியதாயிற்று.

விடுமுறையில் ஊர் வந்திருந்த அப்பழைய மாணவரும் அந்நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். மறுநாள் எம் இல்லத்துக்கு வந்து, “சேர், நான் ஒருக்காப் பாக்கட்டோ?” எனப் பணிவுடன் கேட்டார். கால் மணி நேரத்துள் பிழையின் காரணத்தை எமக்கு விளங்க வைத்தார்.

அவர் கூறியவற்றை எம் நடையிலே சுருக்கித் தருகின்றோம். கணினியினுள்ளே எழுத்து வடிவமாக இருப்பதில்லை, எண்ணாகவே இருக்கின்றது. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் பொதுவாக எண் வகுக்கும் யுனிகோட் முறையின் முதற் பதிப்பு 1991 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதிலேயே தமிழும் இடம்பெற்றது. ஆயின் எமது 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி எண் வகுக்கப்படவில்லை. உயிர்களும், அகரமேறிய மெய்களும், ஆய்தமும், உயிர்க்குறிகளும், புள்ளியுமே எண் பெற்றன. ஓகாரக் குறி ககரத்தின் பின்னே ஓர் எண்ணாக நிற்கும். அதனைப் பிளந்து கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துதல், எழுத்தைத் திரையிற் காட்டும் மென்பொருளின் கடன். எழுத்துருவிலும் அதற்கு வேண்டிய விதிகள் பொதியப்பட்டிருத்தல் வேண்டும். எமது தொலைபேசி அக்கடனைச் செய்தது. பலகைக்குப் பயன்பட்ட வரைகலை மென்பொருளில் அவ்வசதி இயங்கவில்லை. யாம் சரியென்று கண்டதும், பலகையிற் பிழையாக நின்றதும் ஒரே எண் வரிசையேயாம்.

இலங்கையிலே நெடுங்காலம் வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்களின் வழி வேறு. ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலே அவை தமிழ் வடிவங்களை அமர்த்தின. கொம்பு, எழுத்து, கால் என்பவற்றைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே தட்டினோம். அச்சில் அழகாக வந்தது. ஆனால் அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அத்தனை தமிழும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். யாம் பல ஆண்டுகளாகத் தயாரித்து வைத்திருந்த வினாத்தாள்கள் எல்லாம் அந்நிலையில் உள்ளவை என்பதையும் அன்றே உணர்ந்தோம்.

இவற்றைக் கேட்டபொழுது எமக்கு இலக்கண நினைவு எழுந்தது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்று கற்பிக்கின்றோம். கணினியோ அகரமேறிய ககரத்தை முதலாகக் கொண்டு, அதனோடு புள்ளியைச் சேர்த்தே மெய்யைப் பெறுகின்றது. இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தபொழுது அம்மாணவரின் கண்கள் விரிந்தன. தாம் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த ஒன்றை இலக்கண நோக்கில் ஒருவரும் தமக்கு எடுத்துக் கூறவில்லை என்றார். அவரிடம் இருந்த அறிவும் எம்மிடம் இருந்த அறிவும் அதுகாறும் ஒன்றையொன்று கண்டு பேசாதிருந்தன. பலகையின் பிழை அந்த இடைவெளியிலேதான் பிறந்தது.

சிந்தித்துப் பார்க்குமிடத்து இது புதிய செய்தியுமன்று. எழுதுகருவி மாறுந்தோறும் தமிழெழுத்தின் உடலும் மாறி வந்திருக்கின்றது. ஓலையில் எழுதியோர் புள்ளியை இடாது விடுதல் பெருவழக்காயிருந்தது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறு பிரித்துக் காட்டும் இன்றைய முறை 18 ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தின் பயன் என்பர். அன்னையார் விரலால் தொட்டுத் தேடியது அக்கொம்பையே! 1578 ஆம் ஆண்டிலே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தால் அச்சாயிற்று. 1849 ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டுச் சென்னைக்குச் சென்றார். யந்திரத்தை வண்ணார்பண்ணையில் நிறுவியபின், அச்சுத் தொழிலை அச்சுக் கோப்போரிடம் மாத்திரம் ஒப்படைத்துவிட்டு அவர் வாளாவிருக்கவில்லை. நூல்களைத் தாமே பரிசோதித்துப் பதிப்பித்தார். 1978 ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு அரசு, பெரியார் முன்னரே கையாண்டு வந்த சீர்திருத்தத்தைத் தழுவி, ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலாய 13 எழுத்துக்களின் வடிவை மாற்றியது. எமது கல்லூரியின் பழைய மலர்களை விரித்தால், யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய லைகாரத்தையும் ணைகாரத்தையும் இன்றும் காணலாம். எழுத்தறிந்தார் கருவியின் அருகிலே இருந்தபொழுதெல்லாம் எழுத்துப் பிழைத்தது. இன்றைய கருவியின் அருகிலே யாம் இருந்தோமா?

அவ்விடுமுறை முழுவதும் மாலைதோறும் அம்மாணவர் எம் இல்லத்துக்கு வந்தார். தமக்கு ஊக்கமளித்த கலைஞர்கள் பலரைப் பற்றி உரைத்தார். கனடாவின் தேசியத் திரைப்படச் சபையிலே பணியாற்றிய நோர்மன் மக்லாரன் என்பார், ஒளிப்படக் கருவியின் துணையின்றிப் படச்சுருளின் மேலேயே வரைந்தும் கீறியும் 1949 ஆம் ஆண்டிலே படம் செய்தார் எனக் கூறியபொழுது, ஓலையிற் கீறிய எம் முன்னோரின் எழுத்தாணி எமக்கு நினைவில் வந்தது. பிராங் தொமஸ், ஒலி ஜோன்ஸ்ரன் என்னும் டிஸ்னி ஓவியர் இருவர் 1981 ஆம் ஆண்டிலே நூலொன்று வெளியிட்டு, அசைவூட்டக் கலையின் 12 விதிகளை வகுத்துரைத்தனர். எப்பொருளும் மெல்லத் தொடங்கி மெல்ல ஓய்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. செய்யுளுக்கு உறுப்பாவது அசை. ஓவியத்துக்கு உயிராவது அசைவு. விதியின்றி இரண்டும் நடவா என அறிந்து வியந்தோம்.

ஒரு மாலை, 1984 ஆம் ஆண்டிலே வெளிவந்த மக்கின்ரொஷ் கணினிக்குச் சிறு குறிப்படங்களை வரைந்த சூசன் கேர் என்னும் அம்மையாரைப் பற்றிக் கூறினார். பக்கத்துக்கு 32 ஆக, 1,024 சதுரங்களுள் ஒவ்வொரு படத்தையும் அவர் அடக்கினார். அதற்கு முதலிற் பயன்படுத்தியது கணினியன்று, சதுரக்கோட்டுக் கொப்பி. எந்தச் சதுரத்தைக் கறுப்பாக்குவது, எதனை வெறுமையாக விடுவது என்பதே அக்கலை என்றார்.

எமக்குப் பேச்செழவில்லை. சற்றுப் பொறுத்து, “தம்பி, அந்தத் தாளிலை என்ன எழுத்து?” என்று வினவினோம். எத்தாள் என அவர் கேட்கவில்லை. “‘ழ’ சேர். இன்னும் சரியா வரேல்லை” என்று விடையிறுத்துப் புன்முறுவல் செய்தார்.

யாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மாணவரிடம் மன்னிப்புக் கேட்டல் தகுமோ என ஐயுறுவார் சிலர் உளராயின், தகும் என்பதே எம் விடை.

அதன்பின் இருவருமாக இவ்விழாவுக்கென இரண்டு நிமிடப் படம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினோம். பழைய மலர்களின் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். தும்பிக்கை லைகாரம் சுருள் நீங்கி இன்றைய வடிவை எய்தும். வினாடிக்கு 24 சட்டகங்களாக 2,880 சட்டகங்கள். ஓர் ஓவியம் இரண்டு சட்டகங்களுக்கு நிற்பினும் 1,440 ஓவியங்கள் வேண்டும். ஓவியம் அவருடையது, எழுத்தைச் சரிபார்த்தல் எம்முடையது. சட்டகம் சட்டகமாக நிறுத்திப் பார்க்கின்றோம். எழுத்தைச் சூழ விடும் வெற்றிடம் வீணன்று, வாசிப்போன் மூச்சுவிடும் இடம் என்பதையும், திரையில் ஒளியாற் பிறக்கும் நிறம் தாளில் மையாற் பிறக்கும் நிறத்தோடு ஒவ்வாது என்பதையும் இப்பணியிலேயே கற்றோம். அழகு என்பது எழுத்தின் மேற் பூசப்படுவதன்று. வாசிப்போனிடத்து வைக்கும் மதிப்பே அழகாக வெளிப்படுகின்றது.

புதிய பெயர்ப்பலகையையும் அவரே வரைந்தார். இம்முறை மாதிரியைத் தாளில் அச்சிடுவித்து, அன்னையாரின் வீட்டுக்கே கொண்டு சென்றோம். அவர் கண்ணாடியை அணிந்து, விரலால் முதலெழுத்தைத் தொட்டார். கொம்பு முன்னே நின்றது. கால் பின்னே நின்றது. நடுவே ககரம் இருந்தது. “ஓம், இதுதான்” என்றார். அப்பலகை இன்று நூலகத்தில் அலுமாரியின் மேலே உள்ளது.

ஈண்டு மூவகையாருக்கும் எம் வேண்டுகோள் உண்டு. பழைய மாணவர்களே! உங்கள் இல்லங்களிற் பழைய மலர்கள் இருப்பின் கல்லூரிக்கு இரவலாகவேனும் தந்துதவுங்கள். 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் ஏடுகளைப் படிமமாக்கிப் பேணி வருதலை அறிவீர்கள். எமது மலர்களும் அவ்வாறு பேணப்படல் வேண்டும். உடனாசிரியர்களே! பலகையோ அழைப்பிதழோ படமோ, தமிழ் ஏறும் இடத்திலெல்லாம் இறுதி மாதிரியைக் கண்ணாற் கண்ட பின்னரே ஒப்புதல் அளிப்போமாக. மாணவர்களே! கணினியை எவரும் உங்களுக்குக் கற்பிக்கலாம். அதிலே ஏறும் எழுத்தை எம்மிடம் வந்து கேளுங்கள்; உங்கள் கொப்பியின் ஓரத்தில் வரைந்திருப்பதை எமக்குக் காட்டவும் அஞ்சாதீர்கள். இனி எத்தாளையும் யாம் கிழியோம்.

எமது கல்லூரி அன்னை நீடு வாழ்க!