சூரனுக்கு மாற்றுத்தலை

கந்தசஷ்டி விரதத்தின் ஆறாம் நாள் மாலையில் நிகழும் சூரன்போரைக் காணாத சைவர் நம் நாட்டில் மிகச் சிலரே. மரத்தாற் செய்த சூரனைத் தண்டுகளிற் சுமந்து இளைஞர் முன்னும் பின்னும் ஓடி ஆட்டுவர். முதலில் தாரகனுக்குரிய யானைத்தலை. அஃது அகன்றதும் சிங்கமுகன் தலை. அதன்பின்னரே சூரபன்மனின் சொந்தத் தலை. உடல் ஒன்று, தலைகள் பல. ஆரவாரத்திடையே ஒருவர் ஒரு தலையைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்துவதைப் பார்ப்பதிலேயே சிறுவர்க்குப் பாதி இன்பம். கழுத்திலுள்ள துளையும் தலையின் அடியிலுள்ள முளையும் அளவொத்திருத்தலே அக்கைவேலையின் நுட்பம்.

அச்சூரனை ஒரு சாண் அளவாகக் குறுக்கி வகுப்பறை மேசையில் ஏற்றினால் என்ன என்ற எண்ணம் சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு உண்டாயிற்று. அதற்குக் காரணமும் உண்டு. கந்தபுராணம் ஆறு காண்டங்களும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களும் கொண்ட பெருநூல். யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் புராணபடனம் கேட்டு வளரும் பிள்ளைக்கு அக்கதை காதிலேயே ஊறிவிடும். ஊவா மலைத்தோட்டத்துப் பிள்ளைகளோ காமன்கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் அறிந்த அளவுக்கு இதனை அறியார். இத்தனைக்கும், முருகப்பெருமான் பாசறை அமைத்த ஏமகூடம் கதிர்காமமே என்பது ஈழத்துச் சைவர் வழக்கு. அக்கதிர்காமமோ நமது ஊவா மாகாணத்திலேயே உள்ளது. வீட்டு வாசற்கதையைப் பிறர் கதைபோல் மனனஞ்செய்து பரீட்சைத்தாளில் ஒப்புவிக்கும் நிலை எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

முள்முருங்கைக் கட்டையிற் செதுக்குவது எளிது. முளை பொருத்துவதுதான் அரிது. மென்மரமாதலால் நாலு முறை கழற்றி மாட்டினால் துளை தளர்ந்து தலை தொங்கிவிடும். இதற்குரிய உபாயம் மேனாட்டார் மேசைப்போர் விளையாட்டிலிருந்து கிடைத்தது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913 இலேயே பொம்மை வீரரைக் கொண்டு போராடும் விதிகளை நூலாக எழுதியவர். 1975 இல் இலண்டனில் தொடங்கிய கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் 1983 இல் வெளியிட்ட வோர்ஹாமர் என்னும் ஆட்டம் இன்று உலகெங்கும் ஆடப்படுகிறது. அதனை ஆடுவோர் வீரனின் தோளிலும் கையிலும் சிறு காந்தங்களைப் பதித்துவிடுவர். ஒரே வீரன் இன்று வாள் ஏந்துவான், நாளை துப்பாக்கி ஏந்துவான். மூன்று பொம்மை வாங்கும் செலவை ஒன்றில் முடிக்கும் யுக்தி இது. சிக்கனத்தைத் தோட்டத்துப் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டியதில்லை; காட்டிய மாத்திரத்தில் விளங்கிக்கொண்டனர்.

காந்தத்தை அறிமுகஞ்செய்யவும் நெடுந்தூரம் போகவேண்டியிருக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரங்களிலிருந்து உதிரும் இரும்புத்துகள் தேயிலையோடு கலந்துவிடாதபடி காந்தம் வைத்து இழுத்தெடுப்பதை அவர்தம் பெற்றோர் பலர் நாள்தோறும் காண்கின்றனர்.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியராயிருத்தலின் செய்முறையைச் சிறிது விரித்துரைக்கிறேன். பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தம் இதற்கு உதவாது. பெரிதாயிருக்கும், அந்த அளவுக்கு வலிமையிராது. நியோடைமியம், இரும்பு, போரன் ஆகியவை சேர்ந்த காந்தமே வேண்டும். 1980களில் வழக்குக்கு வந்த இது, பழுதான இயர்போன்களுள் பொட்டுப்போற் கிடக்கும். கட்டையில் அதன் அளவுக்குத் துளையிட்டு, பசை வைத்து, மரத்தின் மட்டத்தோடு அமுக்கிவிட வேண்டும். களிமண்ணிற் செய்வோர், உருவைச் சுட்டு ஆறவைத்த பின்னரே காந்தத்தைப் பதிக்க வேண்டும். இவ்வகையிற் சாதாரணமானது ஏறத்தாழ 80 பாகைச் சூட்டிலேயே வலிமை இழக்கத் தொடங்கும்.

முனைதான் எல்லாவற்றினும் முக்கியம். ஒன்று தலைகீழாகப் பதிந்தால் தலை கழுத்தில் அமராது, விலகி ஓடும். பல லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு தலை செதுக்கும்போது இது பெருந்தொல்லையாயிற்று. வகுப்பில் அதிகம் வாய்திறவாத மாணவி ஒருத்தி இதற்கு வழி கண்டாள். பென்சிலின் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிச் சிவப்பு மை பூசினாள். அப்பென்சிலோடு ஒட்டும் முகம் தலைகளில் வெளியே தெரியவேண்டும். அதனைத் தள்ளும் முகம் கழுத்துகளில் வெளியே தெரியவேண்டும். இவ்வளவே அவள் வகுத்த விதி. அதன்பின் மேல் டிவிசனிற் செதுக்கிய சிங்கத்தலை கீழ் டிவிசனிற் செதுக்கிய உடலிற் பிசகின்றி அமர்ந்தது. வகுப்பில் இன்று அவளுடைய பென்சிலைக் கேளாமல் எவரும் பசைக்குப்பியைத் திறப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. இக்காந்தங்களைக் குழந்தைகள் விழுங்கினாற் பேராபத்து. குடலின் வெவ்வேறு மடிப்புகளில் நின்று இரண்டு காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்து இடையிலுள்ள சதையைத் துளைத்துவிடும். ஆதலின் எண்ணிக் கொடுத்து எண்ணியே வாங்குகிறேன். பதிக்காத காந்தம் வகுப்பறையை விட்டு வெளியே போவதில்லை.

நிற்க. தோட்டத்துக் கோயிற் காரியங்களைப் பார்த்துவரும் முதியவர் ஒருவர் ஒருநாள் பாடசாலைக்கு வந்தார். "சாமியப் பொம்மையாக்கி வெளையாடலாமுங்களா மாஸ்டர்?" என்று வினவினார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. கோயிற் சூரனும் மரப்பொம்மைதானே ஐயா என்றேன். அவர் யானைத்தலையை எடுத்து இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பார்த்தார். "சூரனுக்கு என்ன வேணுமின்னாலும் செய்யுங்க. சாமி தலைய மட்டும் கழட்டப்படாது" என்று கூறிப் போனார். அவ்வாறே முருகன் கழுத்திற் காந்தம் வைக்கவில்லை. அடியில் மட்டுமே வைத்தோம். ஆறுமுகமும் ஒருங்கே உடையவனுக்கு மாற்றுத்தலை எதற்கு?

இறுதிக்கட்டமே பிள்ளைகள் மிக விரும்புவது. மாமரத்தை இரு பாதியாகச் செய்து, உள்ளே குடைந்து, ஒரு பாதியிற் சேவலையும் மறுபாதியில் மயிலையும் வைத்தோம். காந்தம் இரண்டையும் மூடிப்பிடித்திருக்கும். மூங்கில் வேலை இடுக்கிற் செலுத்தினால் மரம் பிளந்துவிழும். நூலிலோ மாமரம் பிளவுண்டபின் சூரன் மீண்டும் தன்னுருக்கொண்டு வாளோடு வர, அவ்வுடலையே வேல் இரு கூறாக்கிற்று என்றிருக்கும். மேசைமேல் அவ்விரண்டும் ஒன்றாயின, பண்டிதர்கள் பொறுத்தருள்க. சேவல் பறந்து கொடிக்கம்பத்தின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். மயிலின் முதுகில் முருகன் அமர்வான். அம்முதுகிலுள்ள காந்தம் சூரனின் கழுத்தில் உள்ளதே போன்றது. அளவும் அதுவே, முனையும் அதுவே.

முதன்முறை முருகனை மயில்மேல் வைத்தபோது பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "அப்ப சூரன் சாகவே இல்லையா, சேர்?" என்று கேட்டான். பரீட்சைக்கு மனனஞ்செய்த எவரும் அதுவரை என்னிடம் கேளாத கேள்வி அது. அன்றைய பாடம் அத்தோடு நின்றுபோய், சேவலாகவும் மயிலாகவும் சீறிவந்தவன் பெருமானின் அருட்பார்வையால் அடங்கிய கதையாக மாறிற்று. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் ஐந்தாஞ் சூத்திரத்தில் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக வைத்ததையும், இரும்புக்கு அங்கே பசாசம் என்று பெயர் வந்திருப்பதையும் சொன்னேன். எத்தனை பேருக்கு விளங்கிற்றோ! பசாசம் என்ற சொல் மட்டும் விளையாட்டுத் திடலில் ஒரு கிழமை வழங்கிற்று.

வேலையற்றுப்போன யானைத்தலையையும் சிங்கத்தலையையும் எங்கே வைப்பது என்று வேறொருவன் கேட்டான். இரண்டும் சப்பாத்துப் பெட்டியொன்றில் இருக்கின்றன. தலைகளுக்கெல்லாம் ஒரே முனை வெளியே நோக்குவதால் அண்ணனும் தம்பியும் அருகருகே கிடப்பதில்லை; இடையிற் பஞ்சு வைத்தே அடுக்குகிறோம்.